கதிரியக்க ஊசி போட்ட பிறகு அம்மா கைக்குழந்தையைத் தூக்கலாமா?

நிலாமுற்றம்:

வணக்கம். வியாழக்கிழமைக்குள் ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டும், அதனால் நேராகவே கேட்டுவிடுகிறேன்.

அம்மாவுக்கு 61 வயது. இரண்டு வருடத்துக்கு முன்னால் இடது மார்பில் புற்றுநோய் வந்து, ஆபரேஷன், கீமோ எல்லாம் முடிந்து நன்றாகத் தேறிவிட்டார்கள். போன மாதத்திலிருந்து இடுப்பில் வலி, ராத்திரி புரண்டு படுக்க முடியவில்லை என்கிறார்கள். டாக்டர் பார்த்துவிட்டு எதற்கும் ஒரு போன் ஸ்கேன், அதாவது எலும்பு ஸ்கேன், எடுத்துவிடலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அதற்கு கதிரியக்க மருந்தை ஊசியில் போடுவார்களாம்.

எனக்கு நான்கு மாதக் குழந்தை இருக்கிறது. பகல் முழுக்க அம்மா மடியில்தான் இருக்கும். அக்கா ஐந்து மாதக் கர்ப்பம், அவளும் இந்த வாரம் வருகிறாள். ஸ்கேன் இடத்தில் கொடுத்த தாளில் "நிறையத் தண்ணீர் குடிக்கவும், குழந்தைகளிடமிருந்து விலகி இருக்கவும்" என்று மட்டும் இருக்கிறது. எவ்வளவு தூரம், எத்தனை நாள், ஒன்றும் இல்லை.

அதைவிட என்னைப் பயமுறுத்தியது வேறு. நேரம் குறிக்கப் போனபோது கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே ஒருவர் கனமான ஒரு டப்பாவிலிருந்து உலோகக் கூடு போட்ட ஊசியை எடுத்து ஒரு பெரியவருக்குப் போட்டுவிட்டு, உடனே ஒரு கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அவர்களே தள்ளி நிற்கிற பொருளை என் அம்மாவின் நரம்பில் ஏற்றப் போகிறார்களே என்று அன்று இரவு முழுக்கத் தூக்கம் இல்லை.

இதைச் சொன்னதும் அம்மா, "குழந்தைக்கு ஆகாது என்றால் எனக்கு ஸ்கேனே வேண்டாம், வலியைப் பொறுத்துக்கொள்கிறேன்" என்று ஒரே பிடிவாதம். முன்பு ஒரு முறை சிடி ஸ்கேனுக்குக் கான்ட்ராஸ்ட் ஊசி போட்டபோது அவர்களுக்கு உடம்பெல்லாம் தடிப்பு வேறு வந்தது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள், ப்ளீஸ்.

---

பொறுமைசாலி:

சகோதரி, ஜாக்கிரதையாக இருங்கள். என் சித்திக்குத் தைராய்டுக்காகக் கதிரியக்க அயோடின் கொடுத்து, தனி அறையில் வைத்து, வீட்டுக்கு வந்த பிறகும் பல நாள் பேரப்பிள்ளைகளை அண்டவிடவில்லை. தட்டு, டம்ளர், படுக்கை எல்லாம் தனி. குழந்தையை ஒரு இரண்டு வாரம் வேறு வீட்டில் வைத்துக்கொள்வதுதான் நல்லது என்று நினைக்கிறேன்.

---

காமாக்கண்:

நான் நியூக்ளியர் மெடிசின் பிரிவில் டெக்னாலஜிஸ்ட், பதினெட்டு வருடமாக இந்த ஊசியைப் போட்டுக்கொண்டிருப்பவன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பொறுமைசாலி சொன்னதை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் வீடுகளில் நடக்கிற குழப்பத்தில் பாதி இங்கேதான் தொடங்குகிறது. உங்கள் சித்திக்குக் கொடுத்தது சிகிச்சை. அயோடின்-131 என்ற மருந்து, தைராய்டு செல்களைக் கருக்குவதற்காகவே கொடுப்பது, அளவும் அதிகம். அது பாதியாகக் குறையவே 8 நாள் ஆகும். அதனால்தான் தனி அறை, தனித் தட்டு. அவருக்குச் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் நிலாமுற்றத்தின் அம்மாவுக்குப் போடப்போவது படம் எடுப்பதற்கான மருந்து, அதில் இருப்பது டெக்னீசியம்-99எம். அது பாதியாகக் குறைய 6 மணி நேரம் போதும். இரண்டையும் "ரேடியேஷன் மருந்து" என்று ஒரே பெயரில் சொல்லிவிடுவதால் ஒன்றுக்கான கட்டுப்பாடு இன்னொன்றின் தலையில் விழுகிறது.

கணக்கைப் பாருங்கள். காலை 9 மணிக்கு ஊசி என்றால், மாலை 3 மணிக்குக் கதிரியக்கம் பாதி. இரவு 9 மணிக்குக் கால்வாசி. மறுநாள் காலை 9 மணிக்குப் பதினாறில் ஒரு பங்கு. யாரும் ஒன்றும் செய்யாமலே நடக்கிற தேய்மானம் இது. இதற்கு மேல் எலும்பில் ஒட்டாத மருந்து, ஏறக்குறைய பாதி, சிறுநீரில் வெளியே போய்விடும். எனவே உண்மையில் மிஞ்சுவது அந்தப் பதினாறில் ஒரு பங்கையும்விடக் குறைவு. தண்ணீர் குடியுங்கள் என்று நச்சரிப்பது இதற்காகத்தான்.

இப்போது அந்தக் கண்ணாடித் தடுப்பு. நீங்கள் கேட்டது மிக நியாயமான கேள்வி, மனசுக்குள் வைத்துக்கொள்ளாமல் கேட்டதற்கு நன்றி. உங்கள் அம்மா இந்த ஊசியை வாங்கிக்கொள்வது என்றோ ஒரு நாள், அதுவும் அவர்களுக்கு அதனால் ஒரு பலன் இருக்கிறது. நான் ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு பேருக்குப் போடுகிறேன், வருடம் முழுக்க. எனக்கு அந்தக் கதிர்வீச்சால் ஒரு பலனும் இல்லை, சேர்வது மட்டும் சேரும். அதனால்தான் ஊசிக்கு ஈயம் அல்லது டங்ஸ்டன் கூடு, அதனால்தான் வேலை முடிந்ததும் இரண்டடி தள்ளி நிற்பது. தூரம் இரண்டு மடங்கானால் மேலே படுவது நாலில் ஒன்றாகக் குறைந்துவிடும், அதைவிட மலிவான பாதுகாப்பு வேறு கிடையாது. ஆனாலும் நோயாளியின் கண்ணுக்கு அது எப்படித் தெரிகிறது என்று நாங்கள் யோசிப்பதே இல்லை. ஒரு அம்மா ஒரு தடவை என்னிடம், "என்னைத் தொட்டால் உனக்கு ஏதாவது ஆகிவிடுமா தம்பி?" என்று கேட்டார். அன்றிலிருந்து ஊசி போடுவதற்கு முன்பே ஏன் விலகி நிற்பேன் என்று சொல்லிவிடுகிறேன்.

அடுத்தது, ஸ்கேன் என்றதும் மெஷின் கதிர்வீச்சை அடிக்கிறது என்று நினைக்கிறார்கள். காமா கேமரா ஒன்றையும் அடிப்பதில்லை. மருந்து எலும்பில் போய் உட்கார்ந்து, அங்கிருந்து வருகிற காமா கதிரைக் கேமரா வாங்கிப் பதிவு செய்கிறது, அவ்வளவுதான். அதனால் படுக்கையில் அரை மணி நேரம் ஆனாலும் ஒரு மணி நேரம் ஆனாலும் கதிர்வீச்சு அதிகமாகாது. அதிகப் படம் எடுக்கிறார்களே என்று பயப்படவும் வேண்டாம். கூடவே சிடியும் சேர்த்து எடுத்தால் மட்டும் அந்த சிடிக்கு உரிய அளவு தனியாகச் சேரும்.

எவ்வளவு கதிர்வீச்சு என்றால், போன் ஸ்கேனுக்குச் சுமார் 3 முதல் 5 மில்லிசீவர்ட் (உடம்பில் படும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). மண், பாறை, காற்று, வானம் என்று இயற்கையிலிருந்து ஒரு மனிதருக்கு வருடத்தில் சராசரியாகக் கிடைப்பது 2.4 மில்லிசீவர்ட். ஆக, ஒன்றரை இரண்டு வருடத்தில் தானாக வரவேண்டியது ஒரே நாளில் வருகிறது.

சரி, குழந்தை விஷயம். பால் கொடுப்பது நீங்கள், ஊசி உங்களுக்கு இல்லை, எனவே தாய்ப்பாலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. வியாழக்கிழமை அன்று அம்மா குழந்தையை மணிக்கணக்காக மடியில் வைத்திருப்பது, பக்கத்தில் போட்டுத் தூங்க வைப்பது, இந்த இரண்டை மட்டும் தவிர்த்தால் போதும். அழுகிற குழந்தையை இரண்டு நிமிடம் தூக்கினால் ஒன்றும் ஆகிவிடாது, அதற்காக யாரும் பதறிப்போய்ப் பிடுங்க வேண்டாம். வெள்ளிக்கிழமை காலையிலிருந்து எப்போதும் போல. அக்காவுக்கும் அதே கணக்குதான், வயிற்றில் இருக்கும் குழந்தைக்குக் கொஞ்சம் கூடுதல் கவனம் நல்லது என்பதால் முடிந்தால் வெள்ளிக்கிழமை வரச்சொல்லுங்கள். வியாழனே வந்துவிட்டாலும் அறையின் மறுபக்கம் உட்கார்ந்து பேசட்டும், அன்று இரவு ஒரே கட்டிலில் படுக்க வேண்டாம். முக்கியமாக, துணைக்கு என்று அக்காவையோ குழந்தையையோ ஸ்கேன் எடுக்கும் இடத்துக்கு அழைத்துப் போகாதீர்கள். அங்கே காத்திருக்கும் அறையில் உங்கள் அம்மாவைப் போலவே ஊசி போட்டுக்கொண்டு ஐந்தாறு பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

தடிப்பு வந்த கான்ட்ராஸ்ட் ஊசி வேறு, இது வேறு. சிடிக்குப் போடுவது அயோடின் கலந்த மருந்து, மில்லிலிட்டர் கணக்கில் ஐம்பது, நூறு என்று போகும். இது ஒன்றிரண்டு மில்லிதான், அதிலும் மருந்துப் பொருள் மிக மிகக் கொஞ்சம். உடம்பு சூடாவதும் இல்லை, வாயில் உலோக ருசி வருவதும் இல்லை, அலர்ஜி அபூர்வம். சிறுநீரகத்துக்கும் பாரமில்லை. இருந்தாலும் முன்பு தடிப்பு வந்ததைச் சொல்லிவிடுங்கள்.

அம்மாவுக்கு இடது பக்கம் ஆபரேஷன் என்றீர்கள். அக்குளில் நிணநீர்க் கட்டிகளை எடுத்திருந்தால் அந்தக் கையில் ஊசி வேண்டாம், வலது கையில் போடச்சொல்லி முன்கூட்டியே சொல்லுங்கள். ஊசி போடும்போது சுருக்கென்பதைத் தாண்டி எரிச்சலோ வீக்கமோ இருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காமல் உடனே சொல்ல வேண்டும், மருந்து நரம்புக்கு வெளியே கசிந்தால் படமும் கெடும்.

ஊசிக்குப் பிறகு இரண்டு மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டும், மருந்து எலும்பில் பிடிக்க அந்த நேரம் ஆகும். அதற்குள் நன்றாகத் தண்ணீர் குடித்து, படுப்பதற்குக் கொஞ்சம் முன்னால் சிறுநீர் கழித்துவிட்டு வரவேண்டும். உங்கள் அம்மாவுக்கு இது எல்லாரையும்விட முக்கியம். வலி இடுப்பில். மூத்திரப்பை நிறைந்திருந்தால் படத்தில் அது ஒரு பெரிய கறுப்பு உருண்டையாக விழுந்து, நாம் பார்க்க வேண்டிய இடுப்பெலும்பையே மறைத்துவிடும். இன்னொன்று, சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்கிறேன்: உடுப்பில் ஒரு சொட்டுச் சிறுநீர் பட்டிருந்தால் போதும், அது படத்தில் எலும்பில் இருக்கும் புள்ளி மாதிரியே தெரியும். ஒரு முறை ஒரு நோயாளியின் தொடையெலும்பில் அப்படி ஒரு புள்ளி. உடையை மாற்றித் துடைத்துவிட்டு மறுபடி எடுத்தோம், புள்ளி இல்லை. அந்தப் பத்து நிமிடம் வெளியே நின்றிருந்த அவருடைய மகனின் முகம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. மாற்று உடை ஒன்று எடுத்துப் போங்கள்.

கடைசியாக ஒன்று. படத்தில் கறுப்புப் புள்ளி தெரிந்தாலே புற்றுநோய் இல்லை. இந்த மருந்து போய் ஒட்டுவது எலும்பு சுறுசுறுப்பாகத் தன்னைப் புதுப்பிக்கிற இடங்களில். தேய்ந்த மூட்டு, பழைய அடி, சமீபத்தில் பல் பிடுங்கிய இடம், எல்லாமே பளிச்சென்று தெரியும். எனவே அம்மா எப்போதாவது விழுந்திருந்தால், பல் வேலை ஏதாவது செய்திருந்தால், அதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். படத்தைப் படிக்கிற டாக்டருக்கு அது பெரிய உதவி.

---

பொறுமைசாலி:

தெளிவாகச் சொன்னதற்கு நன்றி. சிகிச்சை வேறு, ஸ்கேன் வேறு என்று எனக்கு உண்மையிலேயே தெரியாது. சகோதரி, நான் எழுதியதைத் தள்ளிவிடுங்கள், உங்களைப் பயமுறுத்தியிருந்தால் மன்னியுங்கள்.

---

ஆற்றங்கரை:

எனக்கு எடுத்தது பெட் ஸ்கேன், போன் ஸ்கேன் இல்லை, ஆனாலும் இதைப் படிக்கிற யாருக்காவது உதவும் என்பதால் எழுதுகிறேன்.

நான் சர்க்கரை நோயாளி, இன்சுலின் போடுகிறவன். காலையில் எதுவும் சாப்பிடாமல் வரச்சொன்னார்கள், சரி என்று சாப்பிடாமல் போனேன். ஆனால் இன்சுலினை வழக்கம்போலப் போட்டுக்கொண்டு போய்விட்டேன். அதைப் பற்றி எனக்கு யாருமே ஒரு வார்த்தை சொல்லவில்லை. அங்கே போய் உட்கார்ந்த பிறகுதான் கேட்கிறார்கள், "இன்சுலின் எப்போது போட்டீர்கள்?" என்று. முக்கால் மணி நேரத்துக்கு முன்பு என்றேன். இன்று எடுக்க முடியாது, வேறு தேதிக்கு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ரிப்போர்ட்டுக்காக ஒவ்வொரு நாளையும் எண்ணிக்கொண்டிருந்த நேரம் அது. ஒன்பது நாள் தள்ளிப்போனது. நேரம் கொடுக்கும்போதே அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் போதும், அந்த ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

பிறகுதான் காரணம் புரிந்தது. பெட் ஸ்கேனில் போடும் எஃப்டிஜி என்பது கதிரியக்கம் ஏற்றிய ஒரு வகைச் சர்க்கரை. புற்றுநோய் செல்கள் சர்க்கரையை ஆவலாக இழுத்துக்கொள்ளும் என்பதால் அவை படத்தில் ஒளிரும். இன்சுலின் போட்டிருந்தால் சர்க்கரையை எல்லாம் தசைகள் இழுத்துக்கொண்டு, உடம்பு முழுக்கத் தசையாகத் தெரியுமே தவிர பார்க்க வேண்டியது தெரியாது. ரத்தத்தில் சர்க்கரை 200க்கு மேல் இருந்தாலும் பெரும்பாலும் தள்ளிவைப்பார்கள். மெட்ஃபார்மின் சாப்பிட்டால் குடல் முழுக்கப் பளிச்சென்று தெரியும் என்று எனக்கு அதையும் இரண்டு நாள் நிறுத்தச் சொன்னார்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள், ஆனால் நீங்களாகக் கேளுங்கள், அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். முந்தின நாள் வேகநடை, உடற்பயிற்சி எதுவும் கூடாது.

ஊசி போட்டபின் ஒரு மணி நேரம் மங்கலான அறையில் போர்வை போர்த்திப் படுக்க வைத்தார்கள். பேச வேண்டாம், போன் பார்க்க வேண்டாம். பேசினால் தொண்டைத் தசையில் மருந்து போய் நிற்குமாம். போர்வை எதற்கு என்றால், குளிரில் நடுங்கினால் கழுத்துப் பக்கம் இருக்கிற ஒரு வகைக் கொழுப்பு சூடு உண்டாக்குவதற்காகச் சர்க்கரையை இழுத்து, அதுவும் கட்டி மாதிரித் தெரியுமாம். அதைச் சொன்ன நர்ஸ் என் கால் விரல்களையும் சேர்த்துப் போர்த்திவிட்டுப் போனார். அந்த ஒரு மணி நேரத்தில் எனக்குப் பயமே இல்லை.

---

காமாக்கண்:

ஆற்றங்கரை, ஒன்பது நாள் உங்களைக் காக்க வைத்தது தவறுதான், நேரம் கொடுப்பவர்கள் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வியே அது. அதோடு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எஃப்டிஜியில் இருக்கும் ஃபுளோரின்-18 பாதியாகக் குறைய 110 நிமிடம்தான். ஒரு நோயாளி வரவில்லை என்றால் அந்த மருந்தை நாளைக்கு என்று எடுத்து வைக்க முடியாது, மதியத்துக்குள் வீணாகிவிடும். டெக்னீசியமும் அப்படியே, காலையில் கலந்தால் அன்றைக்குள் தீர்க்க வேண்டும். எனவே வர முடியாது என்று தெரிந்தால் முந்தின நாளே ஒரு போன் செய்தால் அந்த இடத்தில் இன்னொருவருக்கு வழி பிறக்கும்.

எங்கள் பக்கத்திலிருந்தும் சில நாள் திடீரென்று "இன்று மருந்து வரவில்லை" என்று திருப்பி அனுப்ப வேண்டி வரும். டெக்னீசியம் மாலிப்டினம்-99 என்ற பொருளிலிருந்து பிறப்பது, அந்த மாலிப்டினம் உலகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில அணு உலைகளில்தான் தயாராகிறது, அதுவும் 66 மணி நேரத்தில் பாதியாகிவிடும், இருப்பு வைக்கவே வழியில்லை. 2010ல் கனடாவின் சாக் ரிவர் உலையும் நெதர்லாந்தின் பெட்டன் உலையும் ஒரே சமயத்தில் மூடிக்கிடந்தபோது உலகம் முழுக்க ஸ்கேன்கள் தள்ளிப்போயின. அப்போது வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் காரணம் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

---

செங்காந்தள்:

நானும் ஒரு அனுபவம் சொல்கிறேன், பால் கொடுக்கும் அம்மாக்களுக்காக. எனக்குப் பிரசவமாகிப் பதினோராம் நாள் மூச்சுத் திணறல் வந்து, நுரையீரலில் ரத்தக்கட்டா என்று பார்க்க இதே மாதிரி டெக்னீசியம் ஊசி போட்டார்கள். அவசரத்தில் கொண்டுபோனதால் பால் கொடுக்கிறேன் என்று சொல்லவே எனக்குத் தோன்றவில்லை. ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பெண் தானாகக் கேட்டார். கேட்டிருக்காவிட்டால் அன்று இரவே பால் கொடுத்திருப்பேன்.

12 மணி நேரம் நேரடியாகப் பால் கொடுக்க வேண்டாம், அந்த நேரத்தில் சுரப்பதைப் பீய்ச்சிக் கொட்டிவிடுங்கள் என்றார். இருபது நிமிடம் அவகாசம் கொடுத்து, ஊசிக்கு முன்பே பாலெடுத்து வைக்கவும் உதவினார். மருந்துக்கு மருந்து இந்தக் கணக்கு மாறும் என்றும், சிலவற்றுக்கு நிறுத்தவே வேண்டாம் என்றும், அயோடின்-131 என்றால் அந்தக் குழந்தைக்குப் பால் கொடுப்பதையே நிறுத்திவிட வேண்டும் என்றும் அவர்தான் விளக்கினார். எனவே பொதுவாக ஒருவர் சொன்ன மணிக்கணக்கை எடுத்துக்கொள்ளாமல், மருந்தின் பெயரைக் கேட்டு, அதற்கு எத்தனை மணி நேரம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நாள் தள்ளிப்போயிருந்தால் அதையும் மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள், மாமியார் பக்கத்தில் நிற்கிறார்களே என்று யோசிக்க வேண்டாம்.

---

தொடுவானம்:

ஒரு சின்ன விஷயம். என் அப்பாவுக்கு இதயத்துக்குத் தாலியம் ஸ்கேன் எடுத்து இரண்டு வாரம் கழித்து விமான நிலையத்தில் ஒரு கருவி கத்தி, அவரைத் தனியாக அழைத்துப்போய் முக்கால் மணி நேரம் விசாரித்தார்கள். பாவம், வியர்த்துக் கொட்டிவிட்டது அவருக்கு. தாலியம்-201 பாதியாகவே மூன்று நாள் ஆகும், அந்தக் கருவிகள் மிக நுட்பமானவை, ஒரு மாதம்வரைகூடக் கண்டுபிடித்துவிடும். டெக்னீசியம் என்றால் சில நாளோடு சரி. பயணம் இருந்தால் என்ன மருந்து, எந்தத் தேதி என்று ஒரு கடிதம் கேட்டு வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் இதய ஸ்கேனுக்குப் போகிறவர்கள் ஒரு நாள் முன்பே காபி, டீ, கோலா, சாக்லேட் எல்லாம் நிறுத்தச் சொன்னால் சரியாக நிறுத்துங்கள். இந்த ஸ்கேனுக்காக டிரெட்மில்லில் நடக்க முடியாதவர்களுக்கு ரத்தக்குழாயை விரிக்க ஒரு மருந்து போடுவார்கள், காபியில் இருக்கிற கஃபீன் அதை வேலை செய்யவிடாது. அப்பா காலையில் அரை டம்ளர் காபிதானே என்று குடித்துவிட்டார், மறுபடி ஒரு நாள் போக வேண்டியதாகிவிட்டது.

---

மூன்றாம்பிறை:

எல்லாம் சரி, இதனால் பின்னாளில் புற்றுநோய் வராது என்று யாராவது உறுதியாகச் சொல்ல முடியுமா? எல்லோரும் "ஒன்றும் ஆகாது, ஒன்றும் ஆகாது" என்றே சொல்கிறார்கள். நேர்மையாகப் பதில் வேண்டும்.

---

காமாக்கண்:

நேர்மையாகவே சொல்கிறேன். பூஜ்யம் என்று நான் சொல்லமாட்டேன்.

கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆணையம் ஒரு சீவர்ட்டுக்கு, அதாவது ஆயிரம் மில்லிசீவர்ட்டுக்கு, புற்றுநோய் ஆபத்து சுமார் 5 சதவீதம் என்று கணக்கு வைத்திருக்கிறது. போன் ஸ்கேனின் 4 மில்லிசீவர்ட்டுக்கு அதைப் போட்டுப் பார்த்தால் ஐந்தாயிரத்தில் ஒன்று வருகிறது. இது அதிக அளவு கதிர்வீச்சு பட்டவர்களிடம் கண்டதைக் கீழே இழுத்து நீட்டிப் போடும் கணக்கு, பாதுகாப்புக்காக அப்படி வைத்துக்கொள்கிறோம். வயதானவர்களுக்கு இதைவிடக் குறைவு, குழந்தைகளுக்குக் கூடுதல். குழந்தைகளுக்கு எடையைப் பார்த்து மருந்தின் அளவைக் குறைப்பது அதனால்தான். எந்த ஸ்கேனும் இல்லாமலே வாழ்நாளில் புற்றுநோய் வரும் வாய்ப்பு இதைவிடப் பல மடங்கு பெரியது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஆகவே தேவையில்லாமல் ஒரு ஸ்கேன்கூட எடுக்கக் கூடாது. "இந்த ரிசல்ட்டை வைத்து என் வைத்தியத்தில் என்ன மாறும்?" என்று டாக்டரிடம் கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. ஆறு மாதத்துக்குள் வேறு இடத்தில் எடுத்த படம் இருந்தால் அதைக் கையோடு கொண்டுபோங்கள். அதே சமயம் நிலாமுற்றத்தின் அம்மா மாதிரி, புற்றுநோய் வந்து தேறியவருக்கு ராத்திரியில் கூடும் எலும்பு வலி இருக்கும்போது, எடுக்காமல் விடுவதில்தான் ஆபத்து அதிகம்.

இன்னும் ஒன்று என் மனதில் கிடக்கிறது. சில வருடத்துக்கு முன்பு ஒரு பாட்டி ஸ்கேன் முடிந்து இரண்டு மாதம் கழித்து ரிப்போர்ட் நகல் கேட்டு வந்தார். கூட வந்த பேரன், மூன்று வயசு இருக்கும், அவர் புடவையைப் பிடித்து இழுக்கிறான், அவர் தள்ளித்தள்ளிப் போகிறார். என்ன என்று கேட்டால், "நீங்கள்தானே குழந்தையிடமிருந்து விலகி இருக்கச் சொன்னீர்கள்" என்கிறார். நாங்கள் கொடுத்த தாளில் எத்தனை மணி நேரம் என்று எழுதவில்லை. இரண்டு மாதம் அந்தக் குழந்தையை அவர் மடியில் வைக்கவில்லை. அன்றைக்கே அந்தத் தாளை மாற்றி, மருந்தின் பெயர், ஊசி போட்ட நேரம், விலகி இருப்பது எந்த நாள் எந்த மணிவரை என்று மூன்றையும் கையால் எழுதும் இடம் விட்டு அச்சடித்தோம். உங்களுக்குக் கொடுத்த தாளில் அது இல்லை என்றால் பேனாவை நீட்டி எழுதித் தரச்சொல்லுங்கள்.

---

நிலாமுற்றம்:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நேற்று ஸ்கேன் முடிந்தது. காமாக்கண் அண்ணா எழுதியதை அப்படியே அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பதினாறில் ஒரு பங்கு என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லி, "அப்படியானால் மறுநாள் தூக்கலாம்தானே?" என்று கேட்டுவிட்டுத்தான் சம்மதித்தார்கள்.

வலது கையில் போடச்சொன்னோம், போட்டார்கள். 9.20க்கு ஊசி, 12.30க்குப் படம். நடுவில் ஒன்றரை லிட்டர் தண்ணீர். படுத்துக்கொண்டே கேமரா முகத்துக்கு மிகக் கிட்டே வருவது அம்மாவுக்குக் கொஞ்சம் மூச்சு முட்டுகிற மாதிரி இருந்ததாம், கண்ணை மூடிக்கொள்ளுங்கள் என்றதும் சரியாகிவிட்டது. இடுப்புப் படம் முதலில் தெளிவாக இல்லை, மறுபடி சிறுநீர் கழித்துவிட்டு வரச்சொல்லி இன்னொன்று எடுத்தார்கள். இதை முன்கூட்டியே படிக்காமல் இருந்திருந்தால் ஏதோ தெரிந்துவிட்டது, அதனால்தான் திரும்ப எடுக்கிறார்கள் என்று அங்கேயே உடைந்து போயிருப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் கழிவறையை இரண்டு முறை ஃபிளஷ் செய்யவும், கையை நன்றாகக் கழுவவும் சொன்னார்கள். தாளில் "வெள்ளி காலை 9 மணிவரை" என்று கையால் எழுதி வாங்கினேன். அக்காவை இன்றைக்கு வரச்சொல்லிவிட்டேன். ரிப்போர்ட் திங்கட்கிழமை, வந்ததும் எழுதுகிறேன்.

நேற்று ராத்திரி அம்மா கூடத்தின் அந்தக் கோடியில் உட்கார்ந்தபடி குழந்தைக்குப் பாட்டுப் பாடினார்கள். இன்று காலை எட்டே முக்காலிலிருந்து கடிகாரத்துக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார்கள். இப்போது மணி பத்தாகிறது, இன்னும் கீழே இறக்கவில்லை.